எதிர்க்கரையில் உட்கார்ந்தவள்

தில்லையம்மாளுக்கு யாரையும் பிடிக்காது என்று காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒருத்தரைப் பிடிக்காமல் போக வேண்டுமென்றால் முதலில் அவரை ஒரு பொருட்டாக நினைக்க வேண்டும். அந்தச் சிரமத்தை அவள் எடுத்துக்கொண்டதே இல்லை. நெசவாளர் சங்கத் தலைவர் வேலாயுதம் தெருவில் வந்தால் "வந்துட்டாரு பாரு கவர்னரு" என்பாள். சாமி புறப்பாட்டில் பெரிய மனிதர்கள் மாலையோடு நடந்தால் "சாமிக்கு மிச்சம் வச்சாங்களா?" என்று காது கேட்கவே கேட்பாள். கட்டின புருஷன் பரமசிவம், கோர்வைச் சேலை நெய்வதில் தெருவிலேயே முதல் கை என்று பெயர் வாங்கியவன். அவனைப் பற்றி அவள் நல்லதாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "சோத்துல உப்பு இல்லன்னாலும் பேசாம தின்னுடுவாரு."

பதினாறு வயதில், நாற்பத்து நாலாம் வருஷம், அவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். வந்த நாலாம் மாதமே மாமியார் அவளைத் தறியின் வலது பக்கம் உட்கார வைத்துவிட்டாள். கோர்வைச் சேலைக்கு உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். நூல் சுற்றிய மூன்று நாடா குறுக்கே ஓட வேண்டும். ஒரு கரைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, எதிர்க்கரைக்கு ஒன்று. தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருக்கிற நெசவாளிக்குக் கை இரண்டுதான். அதனால் எதிர்க்கரை நாடாவை எறிய இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். பெரும்பாலும் பெண்டாட்டி. அவள் அரை நொடி பிந்தினால் உடம்பும் கரையும் கோத்துக்கொள்ளாமல் சேலை பல்லிளிக்கும். ஒரு சேலைக்கு எத்தனை ஆயிரம் தடவை எறிய வேண்டுமோ அத்தனையும் எறிவாள். நடுவில் எழுந்து போய் உலை வைப்பாள், திரும்பி வந்து எறிவாள். இதற்குத் தெருவில் வைத்திருந்த பெயர் 'கூடமாட ஒத்தாசை'. சேலையைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்குப் போகிறவன் பரமசிவம். "பரமசிவம் நெசவுய்யா இது" என்று அங்கே கரையைத் தடவிப் பார்ப்பார்கள். அவர்கள் தடவுவதில் பாதி தில்லையம்மாள் போட்டது.

பரமசிவம் இன்னொன்றுக்கும் பெயர் போனவன். சினிமாக் கொட்டகையில் கத்துவது. அமாவாசைக்குத் தறி ஓட்டக் கூடாது என்பது வழக்கம். அன்றைக்கு நெசவாளி வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் கொட்டகையில்தான் கிடப்பார்கள். பரமசிவம் முன் பெஞ்சில் உட்கார்ந்து திரையைப் பார்த்து ஒரு வார்த்தை விடுவான், கொட்டகை குலுங்கும். படம் நன்றாக இல்லாவிட்டாலும் பரமசிவம் வந்திருக்கிறானா என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு. அந்த ஊரின் ரசனை அந்த லட்சணத்தில் இருந்தது.

அறுபத்தாறில் 'நிழல் எண் ஒன்பது' வந்தது. அப்போது உளவாளிப் படங்கள் மழைக்கால ஈசல் மாதிரி வந்து விழுந்துகொண்டிருந்த காலம். கறுப்புக் கண்ணாடி, பேனாவுக்குள் துப்பாக்கி, நீச்சல் குளத்தில் ஒரு ஆட்டம். இந்தப் படத்துக்கு மட்டும் ஊர் விழுந்தடித்துக்கொண்டு போனது, ஏனென்றால் கதையில் பாதி காஞ்சிபுரத்தில் நடக்கிறது. நாயகன் புவனராஜ் என்ற புது ஆள். உளவாளியான அவன் நெசவாளி வேஷம் போட்டு ஒரு தெருவில் வந்து குடியிருக்கிறான்.

தில்லையம்மாளும் போனாள். அமாவாசை மத்தியான ஆட்டம், பெண்கள் பக்கத்தில் பெஞ்சு, பக்கத்தில் அடுத்த வீட்டு வடிவு. இடைவேளைக்கு முன்னால் அந்தக் காட்சி வந்தது. ஜன்னல் வழியாகத் தெரிகிறது: புவனராஜ் தன்னந்தனியாகக் குழித்தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கிறான். நெய்வது பச்சை உடம்பு, அரக்குக் கரை. கோர்வைச் சேலை! கூட ஒருத்தரும் இல்லை. அவன் கழுத்து இப்படி அப்படித் திரும்பவில்லை. முகத்தில் ஒரு அசைவு கிடையாது. கொட்டகையில் அப்போதே சலசலப்பு.

அதற்கு மேல் பார்க்கப் பிடிக்காமல் பாதியில் எழுந்து வந்த தில்லையம்மாள் வீட்டில் புருஷனிடம் சொன்னாள்: "ஒத்த ஆளா குந்திக்கினு கோர்வ நெய்யிறான். எதிர்க்கரய ஆரு போட்டாங்க, அவனப் புடிச்ச பேயா?"

பரமசிவம் சிரிக்கவில்லை. அவள் சொல்வதற்கு அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சாயந்திரம் கூட்டாளிகளோடு முதல் ஆட்டத்துக்குப் போனான். அந்தக் காட்சி வந்ததும் எழுந்து நின்று, "யோவ், எதிர்க்கரய ஆருய்யா போட்டது? ஒன்னப் புடிச்ச பேயா?" என்றான். அவ்வளவுதான். கூவலும் விசிலும் கொட்டகைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போயின. அடுத்த கால் மணி நேரத்துக்குத் திரையில் யார் என்ன பேசினார்கள் என்பது ஒருத்தர் காதிலும் விழவில்லை, பெஞ்சு மேல் ஏறி ஆடியவர்களால் திரையும் தெரியவில்லை.

படம் பதினோரு நாள் ஓடியது. பதினோரு நாளும் அந்த இடம் வருவதற்குக் காத்திருந்து கூவினார்கள். நெய்யத் தெரிந்தவன், தெரியாதவன், பாக்கு மண்டிக்காரன், எல்லாருக்கும் அன்றைக்குக் கோர்வை நுணுக்கம் தெரிந்துவிட்டது. வேலாயுதம் கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூவினார். சந்தையிலும் சலூனிலும் அது 'பரமசிவம் டயலாக்' ஆயிற்று. தில்லையம்மாள் மாதிரி ஒருத்தி அதைச் சொல்லியிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எறிந்த நாடாவையே தன்னுடையது என்று சொல்லிப் பழக்கமில்லாதவள், எறிந்த வார்த்தைக்கா சண்டை போடப் போகிறாள்?

மதராஸ் பத்திரிகைகள் வேறு விதமாக நாறடித்தன. 'புவனராஜ் நடிக்கிறாரா, சுளுக்குப் பிடித்து அவதிப்படுகிறாரா?' என்று ஒன்று. 'மரத்தைச் செதுக்கினால் சிலையாவது கிடைக்கும்' என்று இன்னொன்று. எழுதியவர்கள் எல்லாம் கண்ணீரை வாளியில் பிடித்தால்தான் நடிப்பு என்று நினைத்த மேதாவிகள். அந்த ஆள் அதற்குப் பிறகு இரண்டு படத்தில் தலையைக் காட்டினான். வில்லனுக்குப் பின்னால் கைகட்டி நிற்கிற வேஷம். அதோடு காணாமல் போனான். வடிவு வாங்கும் பத்திரிகையில் எப்போதாவது அவன் பெயர் அடிபட்டால் தில்லையம்மாள் முகத்தைச் சுளித்து, "கழுத்து சரியாச்சாமா அவனுக்கு?" என்பாள்.

எழுபத்து நாலு மாசி மாதம் பரமசிவம் டீக்கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. தறியில் ஒரு முகூர்த்தச் சேலை பாதியில் நின்றது. பக்கத்துக் கிராமம் தாமலில் பொன்னியம்மாள் என்ற விவசாயக் குடும்பத்து அம்மாள் தன் மகளுக்காகச் சங்கத்தில் சொல்லி வைத்த சேலை. முந்தி போட்டு, உடம்பில் இரண்டு முழம் பாக்கி.

கருமாதி முடிந்து தில்லையம்மாள் சங்கத்துக்குப் போனாள். பட்டும் ஜரிகையும் உறுப்பினருக்குத்தான் கொடுப்பார்கள். புருஷன் இடத்தைத் தன் பேருக்கு மாற்றித் தரச் சொன்னாள்.

வேலாயுதம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நீ நெசவாளி இல்லியேம்மா. ஒத்தாச பண்ணவங்களுக்கெல்லாம் மெம்பர் குடுத்தா சங்கத்த எப்புடி நடத்தறது? ஆரணியில பொண்ணு இருக்குது, மாப்பிள நல்லவரு. போயி அவங்களோட கெளரவமா இரேன்."

கெளரவம் என்பது மாப்பிள்ளை வீட்டு அடுப்படி. மகள் கலாவதி நல்ல பெண்தான். ஆனால் அவள் மாமியாருக்கு அடுத்தபடியாகப் பாத்திரம் கழுவிக்கொண்டு, கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு செத்துப் போவதுதான் தில்லையம்மாளுக்கு மிச்சம். காலியாகிற இடத்துக்கு வேலாயுதத்தின் மச்சான் காத்திருக்கிறான் என்பது சங்க வாசலில் பீடி பிடிக்கிறவனுக்குக் கூடத் தெரியும். அவனுக்குத் தறியில் உட்காரத் தெரியுமோ இல்லையோ, அடுத்தவர் இடத்தில் உட்காரத் தெரியும்.

"பாதிச் சேலைய அறுத்து ஒப்படைச்சிடு" என்றார் வேலாயுதம்.

அதைச் சொல்லத்தான் அவள் தாமலுக்குப் பஸ் ஏறினாள். கல்யாண வீட்டுக்குத் தாலியறுத்தவள் போவதாவது என்று, பின்வாசல் பக்கமாகப் போய் நின்றாள். பொன்னியம்மாள் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அகப்பையை வைத்துவிட்டு வந்தாள்.

"வேற ஆளு நெய்ஞ்சித் தருவாங்கம்மா" என்றாள் தில்லையம்மாள். "அவரு போன தறி. நானும் இப்புடி ஆயிட்டேன். முகூர்த்தத்துக்கு ஆவாது."

"நெய்யிறது கை தானே? தாலியா நெய்யுது?" என்றாள் பொன்னியம்மாள். "நீயே முடிச்சிக் குடு. இல்லன்னா எனக்கு அந்தச் சேலையே வேணாம், போ."

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தில்லையம்மாளுக்கு ஒருத்தர் மேல் மரியாதை வந்தது. அது அவளுக்குக் கூச்சமாகக் கூட இருந்தது.

கடைசி பஸ் போய்விட்டது. ஏரிக்கரையை ஒட்டி ஒரு டூரிங் டாக்கீஸ். "வூட்டுல குந்திக்கினு மோட்டுவளையப் பாக்கறதுக்கு அங்க வா" என்று பொன்னியம்மாள் இழுத்துக்கொண்டு போனாள். முதல் ஆட்டம். மணலில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, ஓடப் போவது 'நிழல் எண் ஒன்பது'. எட்டு வருஷத்துக் கிழட்டுப் பிரிண்டு, திரையெல்லாம் கீறல் மழை பெய்தது. தில்லையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. செத்துப் போன மனுஷனின் பேர் பெற்ற வார்த்தையை இந்த ஊரில் யார் சொல்லப் போகிறார்களோ என்று காத்திருந்தாள்.

யாரும் சொல்லவில்லை. புவனராஜ் தனியாக உட்கார்ந்து கோர்வைச் சேலை நெய்தான். தாமல்காரர்களுக்குத் தறியும் தெரியாது, கோர்வையும் தெரியாது. வேர்க்கடலையை உரித்துக்கொண்டு பேசாமல் பார்த்தார்கள். அந்த அமைதியில், எட்டு வருஷமாகக் காஞ்சிபுரம் கேட்காத வசனம் கணீரென்று கேட்டது.

எதிரிக் கூட்டத்துத் தலைவன் ஒரு பட்டு வியாபாரி. உளவாளி நெய்து விற்ற சேலையை அவன் விளக்கடியில் விரித்துப் பார்க்கிறான். இரண்டு கரையையும் விரலால் நீவுகிறான். பிறகு ஜன்னலில் வேவு பார்த்துவிட்டு வந்த அடியாளைக் கேட்கிறான்: "அந்த வீட்டில் ஒருத்தன்தான் இருக்கிறான் என்றாயே. அப்படியானால் இந்தக் கரையைப் போட்டது யார்?"

தில்லையம்மாள் மணலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த வீட்டில் ஒரு பெண் ஒளிந்திருக்கிறாள். நாட்டின் ரகசியக் குறிகளையெல்லாம் மனசில் வைத்திருக்கிறவள். அவளைக் காப்பதுதான் உளவாளியின் வேலை. ஜன்னலுக்குத் தெரியாத சுவர் மறைவில் உட்கார்ந்து எதிர்க்கரை நாடாவை எறிந்துகொண்டிருந்தது அவள்தான். அடியாளின் கண் பார்ப்பதை மட்டுமே படம் நமக்கு முதலில் காட்டியிருக்கிறது. இப்போது அதே காட்சி உள்ளிருந்து மறுபடியும் வந்தது. அவன் கழுத்து ஏன் திரும்பவில்லை? ஒரு தடவை அவள் பக்கம் பார்த்தால் போதும், வேவு பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு விரலில் நூல் அறுத்து ரத்தம் வருகிறது, அவனுக்கும் தெரிகிறது, முகத்தில் ஒன்றையும் காட்டாமல் தறிப் பலகையை அடிக்கிறான். தாடை மட்டும் ஒரு தடவை இறுகித் தளர்கிறது. அழுது புரண்டு ஆர்ப்பாட்டம் செய்கிற சூரர்கள் பத்துப் பேரைச் சேர்த்துக் கட்டினாலும் அந்தத் தாடைக்கு ஈடாகாது. அதைத்தான் மேதாவிகள் சுளுக்கு என்று எழுதினார்கள்.

எல்லாம் தெரிந்த காஞ்சிபுரமோ படத்தின் உயிர்நாடியைப் படம் எடுத்தவனின் தப்பு என்று நினைத்துக் கூவியது. நெசவு தெரியாதவனுக்கு அந்தக் கேள்வியின் கூர்மை புரியாது. நெசவு தெரிந்தவன் கேள்வி வரும் வரை வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டான். பாவம், அந்தப் படம் யாருக்காக எடுக்கப்பட்டதோ அந்த ஊரே அதைக் குழி தோண்டிப் புதைத்தது. முதல் மண்வெட்டி தான் போட்டது என்று நினைத்தபோது தில்லையம்மாளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஊரில் மற்றவர்கள் அந்த இடத்தில் உட்கார்ந்ததில்லை, அவர்களுக்குத் தெரியாது என்று விட்டுவிடலாம். வருஷக்கணக்காக அங்கேயே உட்கார்ந்தவள், அங்கே ஒருத்தி இருப்பாள் என்று நினைக்காமல் பேய் என்றாளே!

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து, நேராகச் சங்கத்தில் இறங்கி, புது உறுப்பினராகச் சேர மனுக் கொடுத்தாள். புதிதாகச் சேருகிறவர் சங்கத்து இயக்குநர்கள் முன்னால் ஒரு சாண் நெய்து காட்ட வேண்டும் என்பது விதி. வேலாயுதத்தால் மறுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வேலாயுதத்தோடு சேர்த்து மூன்று இயக்குநர்களும் குமாஸ்தா ஆதிகேசவனும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார்கள், ஏதோ கொலைக் கேஸ் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி. பொன்னியம்மாளின் சேலை அறுக்காமல் தறியிலேயே இருந்தது; தில்லையம்மாள் குழியில் இறங்கி, வாழ்நாளில் முதல் தடவையாகப் பரமசிவத்தின் இடத்தில் உட்கார்ந்தாள். வடிவு எதிர்க்கரைப் பக்கம் போனாள்.

"அவள எழுந்திருக்கச் சொல்லு" என்றார் வேலாயுதம். "நீதானே நெசவாளின்னு மனுப் போட்டிருக்கற? நீயே நெய்யி. அவளும் கை வச்சா நெய்ஞ்சது நீயா அவளான்னு எங்களுக்கு எப்புடித் தெரியும்?"

மற்ற இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். அதற்குத்தான் அவர்களைக் கூட்டி வந்திருந்தது.

தில்லையம்மாள் நாடாவைக் கீழே வைத்தாள். "வேலாயுதண்ணா, 'நிழல் எண் ஒன்பது' பாத்தீங்க இல்ல?"

"அந்தக் கண்றாவிய ஆரு பாக்கல?"

"ஒத்த ஆளா குந்தி கோர்வ நெய்ஞ்சான்னு கூவினீங்களே. தொண்ட கட்டிக்கினு மூணு நாளு பேச்சு வராம இருந்தீங்க, ஒங்க சம்சாரந்தான் சொன்னாங்க."

ஆதிகேசவன் குனிந்து பேனாவைத் தேடினான்.

"அவன் ஒத்த ஆளு இல்லண்ணா. செவுத்து மறவுல ஒரு பொம்பள குந்திக்கினு இருந்தா. படத்துலயே சொல்றான். நாம கூவின கூவல்ல ஆரு காதுலயும் வுழல. அந்தப் பேச்ச மொதல்ல பேசினவளும் நாந்தான், எங்க வூட்டுக்காரரு இல்ல. எனக்கும் அறிவு இல்ல, ஒங்களுக்கும் இல்ல." அவள் குரல் ஏறவில்லை. "சினிமாவுல ஒத்த ஆளு நெய்ஞ்சா தப்பு. எங்க வூட்டுல எங்க வூட்டுக்காரரு முப்பது வருஷம் ஒத்த ஆளா நெய்ஞ்சாருன்னு சங்கத்து ரிஜிஸ்டர்ல எழுதியிருக்குதே, அது மட்டும் சரியா?"

இயக்குநர்களில் ஒருத்தர் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"வடிவு வேணாம்" என்றாள் தில்லையம்மாள். "நீங்களே வாங்கண்ணா. ஒத்தாச தானே? வந்து குந்துங்க."

நாலு பேர் பார்க்க, 'மாட்டேன்' என்று சொல்ல வேலாயுதத்தின் மீசை இடம் கொடுக்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து எதிர்க்கரைப் பக்கம் உட்கார்ந்தார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வரை நெய்தவர்தான். குழியில் உட்கார்ந்து நெய்தவர். இந்தப் பக்கத்தில் அவர் வீட்டில் உட்கார்ந்தது அவர் சம்சாரம்.

தில்லையம்மாள் மிதிகட்டையை மிதித்தாள். நாடா பாய்ந்தது. வேலாயுதம் எறிந்தார், பிந்தியது. மறுபடி மிதித்தாள். இந்தத் தடவை முந்தியது. மூன்றாவதில் நாடா பாவு நூலுக்குள் குத்தி நின்றது, நாலு இழை அறுந்தது. அவர் குனிந்து முடிச்சுப் போடுவதற்குள் நெற்றி வியர்வை கரையில் சொட்டிவிடும் போலிருந்ததால் வடிவு ஓடி வந்து துண்டைக் கொடுத்தாள். பத்து நிமிஷம். கரையும் உடம்பும் கோத்துக்கொள்ளாமல் விரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்து நின்றது.

"இடுப்பு புடிச்சிக்கிது" என்றார் வேலாயுதம், யாருக்கும் கேட்காத குரலில்.

தில்லையம்மாள் அந்தப் பத்து நிமிஷத்து நெசவை ஒவ்வொரு இழையாகப் பிரித்து எடுத்தாள். வடிவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். பிறகு இரண்டு பேரும் நெய்தார்கள். ஒரு சாண் கேட்டார்கள், அவள் ஒன்றரைச் சாண் போட்டாள். போட்டு முடிக்கும் வரை ஒருத்தர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜன்னலருகே நின்றவர் வந்து கரையைத் தடவிப் பார்த்து, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் கையை எடுத்துக்கொண்டார்.

ஆதிகேசவன் ரிஜிஸ்டரைத் திறந்தான். உறுப்பினர் பெயர் எழுதினான். அடுத்த கட்டம் 'முன் அனுபவம்'. எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தான்: "புதுசு."

"அத அடிச்சிடு" என்றாள் தில்லையம்மாள். "முப்பது வருஷம்னு எழுது."

ஆதிகேசவன் தலைவரைப் பார்த்தான். வேலாயுதம் கட்டைவிரலில் நூல் அறுத்திருந்த இடத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார். விரலை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"எழுதுப்பா."